இக்கரையில் கோபுரம், அக்கரையில் காது: மெக்சிகோவின் எல்லை வானொலி

உள்ளூர் வானொலி என்றதும் நமக்கு என்ன தோன்றும்? உள்ளூர்ச் செய்தி, ஜவுளிக்கடை விளம்பரம், பக்கத்துத் தெருக்காரர் பெயர் சொல்லிக் கேட்ட பாட்டு. மெக்சிகோவின் வடக்கு எல்லையில் வில்லா அகுன்யா என்ற சின்ன ஊரில் 1931 அக்டோபரில் ஒரு வானொலி நிலையம் தொடங்கியது. முகவரி அந்த ஊர்தான். கோபுரங்கள் நின்றதும் அங்கேதான். ஆனால் அதன் முக்கியமான பேச்செல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. கேட்டவர்கள் ஆயிரம், இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி அமெரிக்கப் பண்ணை வீடுகளில் உட்கார்ந்திருந்தார்கள். அதில் விற்ற மருந்தும் தலைச்சாயமும் அமெரிக்கத் தபாலில் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தன. ஊரின் பேரைச் சொல்லி நடந்த வானொலி, ஊருக்காக நடக்கவில்லை.

இந்த வகை நிலையத்துக்குத்தான் எல்லை வானொலி என்று பெயர். அமெரிக்கர்கள் வைத்த பட்டப்பெயர் ‘பார்டர் பிளாஸ்டர்’. எல்லையில் நின்றுகொண்டு அடுத்தவன் காதைக் கிழிப்பது என்று வைத்துக்கொள்ளலாம். ரெய்னோசா, நுவெவோ லரேடோ, பியட்ராஸ் நெக்ராஸ், சியுதாத் ஹுவாரெஸ், பசிபிக் கரையில் ரொசாரிட்டோ என்று எல்லை நெடுக இப்படிப்பட்ட நிலையங்கள் இருந்தன. எல்லாவற்றையும் சொல்லப் புகுந்தால் தலை சுற்றும். வில்லா அகுன்யா ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். அது எப்படி வேலை செய்தது என்று பிடிபட்டால் மற்றவையும் பிடிபட்டுவிடும். தவிர, கதை ருசியாக இருப்பதும் இங்கேதான்.

ஊரின் இருப்பிடத்தை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கோவாவிலா மாநிலம். அமெரிக்கர்கள் ரியோ கிராண்டே என்றும் மெக்சிகோக்காரர்கள் ரியோ பிராவோ என்றும் சொல்கிற ஆற்றின் தென்கரை. எதிரே வடகரையில் டெக்சஸ் மாநிலத்தின் டெல் ரியோ. நடுவில் ஆறு, ஆற்றின் மேல் பாலம். பாலத்தைத் தாண்டினால் நாடு வேறு, சட்டம் வேறு. மனுவெல் அகுன்யா என்ற கவிஞரின் பெயரை ஊருக்கு வைத்திருந்தார்கள். 1951இல் நகர அந்தஸ்து வந்ததும் அது சியுதாத் அகுன்யா ஆனது.

எக்ஸ் என்ற எழுத்து

நிலையத்தின் பெயர் எக்ஸ்.இ.ஆர். இது யாரோ அழகுக்காக வைத்த பெயரல்ல. உலகத்தில் எந்த நிலையம் பேசினாலும் அது எந்த நாட்டுடையது என்று தெரிய வேண்டும் என்பதற்காக, முன்னெழுத்துகளை நாடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பொழுதுபோக்காக வானொலியில் பேசிக்கொள்ளும் இந்திய ஹாம் ரேடியோக்காரர்களின் குறி வி.யு. என்று தொடங்குவதும் இந்தக் கணக்கில்தான். மெக்சிகோ நிலையங்கள் ஆரம்பத்தில் சி.ஒய். என்று தொடங்கின. 1927இல் வாஷிங்டனில் நடந்த சர்வதேச மாநாட்டுக்கு அப்புறம் எக்ஸ் என்ற எழுத்து அவர்கள் பங்குக்கு வந்தது. அதில் எக்ஸ்.இ. மத்திய அலைக்கு. எக்ஸ்.எச். பின்னால் பண்பலைக்கும் தொலைக்காட்சிக்கும் போனது. மெக்சிகோ நகரத்தில் 1930 செப்டம்பரில் தொடங்கி நாடு முழுதும் புகழ்பெற்ற நிலையத்தின் பெயர் எக்ஸ்.இ.டபிள்யூ.

அமெரிக்க நிலையங்களின் பெயர் கே, டபிள்யூ என்ற இரண்டு எழுத்துகளில் ஒன்றில் தொடங்கும். ஆகவே அமெரிக்க நேயருக்கு ‘எக்ஸ்’ என்ற எழுத்து காதில் விழுந்தாலே சங்கதி தெரிந்துவிடும்: இது ஆற்றுக்கு அந்தப் பக்கம்.

சூரியன் போனதும் கடை திறக்கும்

ஒரு சின்ன ஊரில் நட்ட கோபுரம் எப்படி இரண்டாயிரம் கிலோமீட்டர் பேசும்? மத்திய அலைக்கு இரண்டு பாதை உண்டு. ஒரு பகுதி தரையை ஒட்டித் தவழ்ந்து போகும். மண்ணும் மலையும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடுவதால் சில நூறு கிலோமீட்டரில் அடங்கிவிடும். இன்னொரு பகுதி வானத்தைப் பார்த்து ஏறும். பகலில் அது வீண். தரையிலிருந்து 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் சூரிய ஒளி உண்டாக்கி வைத்திருக்கும் அயனி அடுக்கு அந்த அலையை விழுங்கிவிடும். பொழுது சாய்ந்ததும் அந்த அடுக்கு கலைந்துவிடும். அதற்கும் மேலே, நூறு கிலோமீட்டரைத் தாண்டி இருக்கும் அடுக்குகள் இரவிலும் மிஞ்சி நிற்கும். அலை அங்கே போய் முட்டி, சாய்வாகப் பூமிக்குத் திரும்பும். திரும்பி விழும் இடம் பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும். அங்கிருந்து மறுபடியும் எகிறவும் செய்யும்.

இரவில் மத்திய அலையைத் திருகிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பகலெல்லாம் இரைச்சல் மட்டும் கேட்ட இடத்தில் எட்டு மணிக்கு மேல் தெரியாத மொழியில் யாரோ பேசுவார். குரல் ஏறும், இறங்கும், நடுவில் தண்ணீருக்குள் போனது போல அமுங்கும், அப்புறம் திரும்பி வரும். வானத்தில் அந்த அடுக்குகள் அசைந்துகொண்டே இருப்பதால் வரும் ஆட்டம் அது. எல்லை வானொலிக்கு முதலாளி ஒருவர் இருந்தார், மூலதனம் மட்டும் இரவு.

சரி, இரவு எல்லோருக்கும் பொதுதானே? அமெரிக்க நிலையங்களும் இரவில் அப்படிப் பாயலாமே? பாயலாம். அங்கேதான் சட்டம் குறுக்கே வந்தது. அமெரிக்காவில் ஒரு நிலையத்துக்கு அனுமதித்த உச்ச பலம் 50 கிலோவாட். சின்சினாட்டியின் டபிள்யூ.எல்.டபிள்யூ. நிலையத்துக்கு மட்டும் 1934 முதல் 1939 வரை சோதனை முறையில் 500 கிலோவாட் கொடுத்துப் பார்த்தார்கள், பிறகு அதையும் நிறுத்திவிட்டார்கள். ஆற்றின் தென்கரையில் அந்த வரம்பு இல்லை. மெக்சிகோ அரசு எவ்வளவுக்கு உரிமம் தருகிறதோ அவ்வளவு.

மெக்சிகோ ஏன் அனுமதித்தது?

அமெரிக்கச் சாகசக்காரர்கள் ஏழை நாட்டை ஏமாற்றி நிலையம் வைத்துக்கொண்டார்கள் என்று கதையை முடித்துவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது அரைக் கதையாகவே படுகிறது. அன்றைய வட அமெரிக்க மத்திய அலைப் பட்டையில் 550 முதல் 1500 கிலோஹெர்ட்ஸ் வரை, பத்துப் பத்தாகப் பிரித்தால் 96 அலைவரிசைகள். 1920களில் அமெரிக்காவும் கனடாவும் தங்களுக்குள் பேசி அவற்றைப் பங்கு போட்டுக்கொண்டன. கனடாவுக்கென்று தனியாக ஆறு, பொதுவில் சில, மீதியெல்லாம் அமெரிக்காவுக்கு. மெக்சிகோவை யாரும் கேட்கவே இல்லை. பந்தியில் இலையே போடவில்லை.

இலை போடாதவர்கள் வீட்டு வாசலில் நின்று மேளம் அடிப்பதைத் தவிர மெக்சிகோவுக்கு வேறு வழி இருந்ததாகத் தெரியவில்லை. பேச்சுவார்த்தைக்கு இழுக்க அதுவே ஆயுதம். எல்லையில் பெரிய பலத்தில் உரிமம் கேட்டு வந்தவர்களுக்கு அதிகாரிகள் கொடுத்தார்கள். வந்தவர் யோக்கியரா என்பதைப் பற்றி அதிகம் விசாரிக்கவில்லை.

எக்ஸ்.இ.ஆருக்குக் கொடுத்த இடத்தைப் பாருங்கள்: 735 கிலோஹெர்ட்ஸ். மற்ற நிலையங்கள் 730, 740 என்று பத்துப் பத்தாக நிற்கும்போது இது நடுவில் போய் நின்றது. 730இல் மான்ட்ரியால் நிலையம், 740இல் அட்லாண்டா நிலையம். இரண்டு நிலையங்களின் அலைகள் ஒரே ரேடியோவுக்குள் நுழைந்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஓசையாக வெளியே வரும். இங்கே வித்தியாசம் 5 கிலோஹெர்ட்ஸ். அது மனிதக் காதுக்கு நன்றாகவே கேட்கும், விசில் மாதிரி. மான்ட்ரியாலைக் கேட்டவருக்கும் விசில், அட்லாண்டாவைக் கேட்டவருக்கும் விசில். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்பதை இதைவிடக் கச்சிதமாகச் செய்ய முடியாது.

ஆட்டு வைத்தியர்

இனி முதலாளி. ஜான் பிரிங்க்லி என்று பெயர். கன்சாஸ் மாநிலத்தின் மில்ஃபோர்ட் என்ற குக்கிராமத்தில் வைத்தியம் பார்த்தவர். ஆண்மைக் குறைவென்று வந்தவர்களுக்கு ஆட்டுக் கிடாயின் விதைச் சுரப்பியை வெட்டி வைத்துத் தைத்துவிடுவார். கட்டணம் 750 டாலர். அந்தக் காலத்தில் அதற்கு ஒரு புதுக் காரே வாங்கியிருக்கலாம். வெட்டி வைத்த ஆட்டுச் சதை மனித உடம்பில் வேலை செய்யாது. பலருக்குப் புண் சீழ் பிடித்தது. அவர் கையெழுத்திட்ட 42 இறப்புச் சான்றிதழ்கள் பின்னால் விசாரணையில் வெளிவந்தன.

ஆனால் இந்தக் கட்டுரைக்கு வேண்டியது அவருடைய கத்தி இல்லை, மைக். 1923இல் மில்ஃபோர்டில் கே.எஃப்.கே.பி. என்ற சொந்த வானொலியைத் தொடங்கினார். வானொலி என்பது இசைக் கச்சேரிக்கான பெட்டி என்று பலர் நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில், அது ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் தனியாகப் போய் உட்கார்ந்து பேசக்கூடிய விற்பனையாளர் என்பதை அவர் கண்டுகொண்டார். ‘மருத்துவக் கேள்விப் பெட்டி’ என்று ஒரு நிகழ்ச்சி. நேயர் கடிதத்தில் எழுதிய நோவைப் படிப்பார். ஆளைப் பார்க்காமலே மருந்து சொல்வார். அதுவும் மருந்தின் பெயரை இல்லை, நம்பரை. அந்த நம்பர் என்னவென்று அவரோடு கூட்டுச் சேர்ந்த மருந்துக்கடைகளுக்கு மட்டும் தெரியும். நேயர் அங்கே போய் வாங்குவார், பாட்டிலுக்கு ஒரு டாலர் வைத்தியருக்குத் திரும்பி வரும்.

1930இல் இரண்டு அடி சேர்ந்து விழுந்தது. கன்சாஸ் மருத்துவ வாரியம் அவருடைய வைத்திய உரிமத்தைப் பறித்தது. அமெரிக்காவின் கூட்டாட்சி ரேடியோ ஆணையம், இந்த நிலையம் பொது நலனுக்கு உகந்ததல்ல என்று சொல்லி வானொலி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. மனிதர் சளைக்கவில்லை. அதே ஆண்டு கவர்னர் தேர்தலில் குதித்தார். வாக்குச்சீட்டில் பெயர் அச்சாகாத நிலை, வாக்காளர்களே கையால் எழுத வேண்டும். அப்படியும் 1,80,000க்கு மேல் வாக்குகள் எண்ணப்பட்டன. மூன்றாவதாக வந்தாலும் ஜெயித்தவருக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தார். அப்புறம்தான் கண் தெற்கே போனது.

எக்ஸ்.இ.ஆர். 1931 அக்டோபர் 21ஆம் தேதி 50 கிலோவாட்டில் ஒலிபரப்பைத் தொடங்கியது. இரண்டு கோபுரங்கள், ஒவ்வொன்றும் 300 அடி. மத்திய அலைக்கு இவ்வளவு உயரம் ஏன் என்று கேட்கலாம். இந்தப் பட்டையில் ஓர் அலையின் நீளமே நூற்றுக்கணக்கான மீட்டர். உதாரணமாக 840 கிலோஹெர்ட்ஸில் அது 357 மீட்டர். அதில் கால் பங்காவது உயரம் இருந்தால்தான் ஆண்டெனா திறமையாக வேலை செய்யும், அதாவது ஏறக்குறைய 90 மீட்டர்.

பிரிங்க்லி பிறகு ஆஸ்பத்திரியையும் டெல் ரியோவுக்கே கொண்டுவந்துவிட்டார். பேசுவது வடகரையில், கோபுரம் தென்கரையில், நடுவில் பாலத்தைத் தாண்டிப் போகும் ஒரு தொலைபேசிக் கம்பி. கடிதங்களும் டாலர்களும் வந்து சேர்ந்தது டெல் ரியோ தபால் நிலையத்துக்கு. எல்லை வானொலியின் இலக்கணமே இந்த மூன்றும்தான்: குரல் ஒரு நாட்டில், கோபுரம் ஒரு நாட்டில், பணம் மறுபடி முதல் நாட்டில்.

ஐந்து லட்சம் வாட்

மெக்சிகோ அதிகாரிகளோடும் அவருக்கு உரசல் வந்தது. அபராதம், மூடல் என்று இழுபறியில் எக்ஸ்.இ.ஆர். ஓய்ந்து, 1935இல் எக்ஸ்.இ.ஆர்.ஏ. என்ற பெயரில், 840 கிலோஹெர்ட்ஸில் திரும்பி வந்தது. பலம் 500 கிலோவாட் வரை போனது. அலையை வடக்கு நோக்கி மட்டும் குவிக்கிற மாதிரி ஆண்டெனா அமைத்ததால், அந்தத் திசையில் கேட்டவர்களுக்கு அது பத்து லட்சம் வாட் நிலையத்துக்குச் சமம் என்று பெருமை பேசிக்கொண்டார்கள். கைவிளக்கின் பின்னால் பளபளப்பான கிண்ணம் வைத்தால் வெளிச்சம் ஒரே பக்கம் பாய்கிறதே, அதே வித்தைதான். தெற்கே இருந்த சொந்த நாட்டுக்கு முதுகு, வடக்கே இருந்த அந்நிய நாட்டுக்கு முகம்.

இங்கே புதியவர்கள் தடுமாறும் ஓர் இடம் உண்டு. 50 கிலோவாட்டைப் பத்து மடங்காக்கி 500 ஆக்கினால் ஒலி பத்து மடங்கு தூரம் போகாது. அலையின் வலு, பலத்தின் வர்க்கமூலத்தில்தான் ஏறும். பத்துக்கு வர்க்கமூலம் 3.16. அதாவது மின் கட்டணம் பத்து மடங்கு, பலன் மூன்று மடங்குக்குச் சற்று மேல். அப்படியும் அது லாபம்தான். ஏனென்றால் தூரத்தில் இருப்பவருக்குப் பிரச்சினை சத்தம் போதாதது இல்லை, இரைச்சலும் பக்கத்து நிலையமும்தான். மூன்று மடங்கு வலுவில் வருகிற குரல் அவை இரண்டையும் அமுக்கிவிட்டு மேலே நிற்கும்.

முள்வேலிக் கம்பியில் பாட்டு கேட்டது, கட்டில் ஸ்பிரிங் பேசியது, பல்லில் அடைத்த உலோகத்தில் வைத்தியர் குரல் வந்தது என்று அந்த வட்டாரத்தில் கதைகள் ஏராளம். பல் கதையை நான் நம்பவில்லை. வேலிக் கதையை அப்படித் தள்ள முடியாது. துருப்பிடித்த உலோக இணைப்பு ஒன்று தற்செயலாக, மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டயோடு போல நடந்துகொண்டு, மிக வலுவான அலையிலிருந்து ஒலியைப் பிரித்தெடுப்பது நடக்கக்கூடிய காரியம். கோபுரத்துக்கு அருகில் இருந்தால் கம்பி முனகியிருக்கலாம்.

தட்டில் ஏறிய குடும்பம்

அமெரிக்க அரசால் தென்கரைக் கோபுரத்தைத் தொட முடியாது. வடகரைக் கம்பியைத் தொடலாம். 1934ஆம் ஆண்டின் தகவல்தொடர்புச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். அமெரிக்காவில் இருந்துகொண்டு, அமெரிக்காவில் கேட்பதற்காக, வெளிநாட்டு நிலையத்துக்கு நிகழ்ச்சியை அனுப்ப முன் அனுமதி வேண்டும். இன்றும் அதை ‘பிரிங்க்லி சட்டம்’ என்றே சொல்கிறார்கள். ஒரு தனி மனிதர் தொந்தரவுக்காகச் சட்டத்தில் நிரந்தர இடம் பிடிப்பது சாதாரணச் சாதனை இல்லை.

கம்பி போனால் என்ன, பாலம் இருக்கிறதே! நிகழ்ச்சிகளைப் பெரிய தட்டுகளில் பதிந்து எடுத்துப்போய்ச் சுழலவிட்டார்கள். 16 அங்குலத் தட்டு, ஒரு பக்கத்துக்குக் கால் மணி நேரம். நம் வீட்டு எல்.பி. தட்டு 12 அங்குலம் என்பதை நினைத்துக்கொண்டால் அளவு புரியும். தட்டு விஷயத்தில் சட்டத்தால் அவர்களைக் கெட்டியாகப் பிடிக்க முடியவில்லை.

வைத்தியர் நாள் முழுக்கப் பேச முடியாது. இடையில் ஆளைப் பிடித்து வைக்கப் பாட்டு வேண்டும். இந்தத் தேவையால்தான் எல்லை வானொலிக்கு இசை வரலாற்றில் இடம் கிடைத்தது. வர்ஜீனியா மலைப்பகுதியிலிருந்து கார்ட்டர் குடும்பத்தை 1938இல் டெல் ரியோவுக்கு வரவழைத்தார்கள். ஏ.பி. கார்ட்டர், சாரா, மேபெல் என்று மூன்று பேர். கிட்டார், ஆட்டோஹார்ப், எளிமையான குரல். அவர்களுக்குச் சம்பளம் கொடுத்த கம்பெனி விற்றது பெருனா என்ற டானிக்கும் கோலர்பேக் என்ற நரைமுடிச் சாயமும். அமெரிக்க நாட்டுப்புற இசையின் தாய்வீடு என்று இன்று கொண்டாடப்படுகிற பாடல்கள், அன்று தலைச்சாய விளம்பரத்துக்கு நடுவே ஊடுபயிராக வந்தவை.

அந்தக் குடும்பத்துக்குள்ளேயே ஒரு கதை நடந்தது. சாராவும் ஏ.பி.யும் பிரிந்திருந்தார்கள். சாராவின் மனம் கோய் பேய்ஸ் என்பவரிடம் இருந்தது. அவர் பல ஆண்டுகளுக்கு முன்பே கலிஃபோர்னியாவுக்குப் போய்விட்டார், தொடர்பும் அறுந்துபோயிருந்தது. 1939இன் தொடக்கத்தில் ஓர் இரவு சாரா மைக் முன்னால் நின்று, இந்தப் பாட்டு கலிஃபோர்னியாவில் இருக்கும் கோய் பேய்ஸுக்கு என்று சொல்லிவிட்டுப் பாடினார். முன்னாள் கணவர் அதே குழுவில். கோய் தன் வீட்டு ரேடியோவில் அதைக் கேட்டார், கிளம்பி வந்தார், பிப்ரவரியில் டெக்சஸில் கல்யாணம். ஐந்து லட்சம் வாட் பலத்தை ஒரே ஒரு ஆளுக்காகச் செலவழித்த ஒலிபரப்பு எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

அடுத்த ஆண்டுகளில் குடும்பத்துப் பிள்ளைகளும் பாட வந்தார்கள். அவர்களில் மேபெலின் மகள் ஜூன் அப்போது சிறுமி. ஆர்கன்சாவில் ஒரு பருத்திக் குடியானவர் வீட்டில் ரேடியோவோடு ஒட்டிக்கொண்டு அந்தக் குடும்பத்தின் பாட்டைக் கேட்ட பையன் ஒருவன் பிற்காலத்தில் அந்த ஜூனையே மணந்தான். அவன்தான் பின்னால் புகழ்பெற்ற அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷ்.

பங்கு கிடைத்தது, நிலையம் போனது

மெக்சிகோ அடித்த மேளத்துக்குப் பலன் கிடைத்தது. 1937 டிசம்பரில் ஹவானாவில் வட அமெரிக்க நாடுகள் கூடி அலைவரிசை ஒப்பந்தம் போட்டன. இம்முறை மெக்சிகோவுக்கு இலை உண்டு. 730, 800, 900, 1050, 1220, 1570 என்று ஆறு தனி அலைவரிசைகளில் அதற்கு முதல் உரிமை. தனி அலைவரிசை என்றால், இரவில் தூரம் போவதற்காக மற்றவர்கள் பெரும்பாலும் ஒதுங்கிக் கொடுக்கும் பாதை. ஒப்பந்தம் 1941 மார்ச் 29இல் நடைமுறைக்கு வந்தது. அன்று வட அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான நிலையங்கள் ஒரே நாளில் இடம் மாறின.

கேட்டது கிடைத்துவிட்டபின் வாசலில் மேளக்காரர் எதற்கு? எக்ஸ்.இ.ஆர்.ஏ.யின் உரிமத்தை மெக்சிகோ அரசு ரத்து செய்தது, நிலையத்தையும் எடுத்துக்கொண்டது. பிரிங்க்லிக்கு அதற்கு முன்பே சரிவு தொடங்கியிருந்தது. தன்னைப் போலி வைத்தியர் என்று எழுதிய அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் மாரிஸ் ஃபிஷ்பைன் மேல் அவதூறு வழக்குப் போட்டு 1939இல் டெல் ரியோ நீதிமன்றத்திலேயே தோற்றார். அப்போதெல்லாம் அவர் ஆட்டை விட்டுவிட்டு ஊசிக் குப்பிகளுக்கு மாறியிருந்தார். ஆறு குப்பி நூறு டாலர். சோதித்துப் பார்த்தால் சாயம் கலந்த தண்ணீரும் துளி அமிலமும். நோயாளிகள் வரிசையாக வழக்குத் தொடுக்க, 1941இல் திவால், 1942 மே மாதம் மரணம்.

1947இல் அதே ஊரில் புதிய நிலையம் வந்தது. பெயர் எக்ஸ்.இ.ஆர்.எஃப். அலைவரிசை 1570, ஒப்பந்தத்தில் கிடைத்த ஆறில் ஒன்று. விசிலடிக்கிற திருட்டுச் சந்து இல்லை, பட்டா போட்ட சொந்த இடம். பலம் பின்னர் 250 கிலோவாட்டுக்கு உயர்ந்தது. வைத்தியர் போன இடத்துக்கு இரவு நேரத்தைக் கால் மணி, அரை மணியாக விலைக்கு வாங்கிய கிறிஸ்தவ ஊழியக்காரர்கள் வந்தார்கள். ஜெபத் துணி, அற்புத எண்ணெய் எல்லாம் தபாலில். இடையிடையே கோழிக்குஞ்சு வியாபாரம்.

கோழிக்குஞ்சை எப்படித் தபாலில் அனுப்புவது என்று எனக்கும் முதலில் விளங்கவில்லை. முட்டையை உடைத்துக்கொண்டு வருவதற்குச் சற்று முன் குஞ்சு மிச்ச மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. அதனால் இரண்டு மூன்று நாள் தீனியும் தண்ணீரும் இல்லாமல் தாங்கும். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் நூறு குஞ்சுகளை அடைத்து, பொரித்த அன்றே தபாலில் சேர்த்தால் தொலைதூரப் பண்ணைக்குக் கத்திக்கொண்டே போய்ச் சேரும். என்ன இனம், சேவலா பெட்டையா என்பதற்கு மட்டும் கம்பெனி பொறுப்பில்லை. நிலையத்துக்கு விளம்பரக் கட்டணத்துக்குப் பதிலாக ஆர்டருக்கு இவ்வளவு என்று பங்கு. எவ்வளவு தூரத்திலிருந்து எத்தனை கடிதம் வருகிறது என்பதே நேயர் கணக்கெடுப்பும் ஆகிவிடும்.

1963 வாக்கில் புரூக்ளினில் பிறந்த ராபர்ட் ஸ்மித் என்ற இளைஞர் அங்கே வந்து, ஓநாய் போல ஊளையிட்டுக்கொண்டே கறுப்பின மக்களின் ரிதம் அண்டு புளூஸ் இசையை நள்ளிரவில் ஒலிபரப்பினார். வானொலிக்காக வைத்துக்கொண்ட பெயர் உல்ஃப்மேன் ஜாக். ஆள் கறுப்பரா வெள்ளையரா, கிழவரா வாலிபரா என்று நேயர்களுக்குத் தெரியாது. அமெரிக்க நிலையங்கள் தொடத் தயங்கிய இசையை வெள்ளைக்காரப் பிள்ளைகள் போர்வைக்குள் டிரான்சிஸ்டரை வைத்துக் கேட்டார்கள். நிலையத்தின் கட்டுப்பாட்டுக்காகத் துப்பாக்கிச் சண்டையே நடந்தது என்று அவர் பிற்காலத்தில் சொன்னதுண்டு. உப்பு கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். ஒரு வருஷத்துக்குள் அங்கிருந்து கிளம்பி, பிறகு பசிபிக் கரையின் எல்லை நிலையத்துக்குப் போய், நாடறிந்த ஆளாகி விட்டார்.

அதற்கப்புறம் சொல்லப் பெரிதாக இல்லை. பாட்டுக் கேட்பவர்கள் தெளிவான பண்பலைக்குப் போனார்கள். இரவில் வீட்டை நிறைத்தது தொலைக்காட்சி. 1986இல் அமெரிக்காவும் மெக்சிகோவும் செய்துகொண்ட உடன்பாட்டில், ஒருவர் தனி அலைவரிசையில் மற்றவரின் சிறிய நிலையங்களும் இரவில் பேசலாம் என்றானது. தனிப்பாதையில் டவுன் பஸ் விட்ட மாதிரி. தூரத்துக் குரல் அதில் நசுங்கிப்போனது.

எக்ஸ்.இ.ஆர்.எஃப். இன்று மெக்சிகோ அரசின் வானொலி நிறுவனத்திடம் இருக்கிறது. பெயர் ‘லா போதெரோசா’, வலிமை மிக்கவள் என்று அர்த்தம். பழைய 250 கிலோவாட் இல்லை. தொழிற்சாலைகள் பெருகி ஒன்றரை லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் சியுதாத் அகுன்யாவுக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் அது ஸ்பானிய மொழியில் ஒலிபரப்புகிறது.